"வொர்க் அவுட்": பொருளும் பயன்பாடும், படிப்படியாக ஒரு முழு வழிகாட்டி

தமிழில் பேசும்போதே நாம் அன்றாடம் சொல்லும் ஆங்கிலச் சொற்களில் "வொர்க் அவுட்" ஒன்று. "அந்த ஐடியா வொர்க் அவுட் ஆகல", "காலையில வொர்க் அவுட் பண்ணினேன்" என்று யோசிக்காமல் சொல்கிறோம். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. தெரிந்த சொல்தானே என்று, தமிழில் புழங்கும் பொருளை அப்படியே ஆங்கிலத்துக்குள் கொண்டுபோய்விடுகிறோம். ஆனால் ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்கு உள்ள பொருள்களில் பல நம் பேச்சுக்குள் வரவே இல்லை. வந்தவையும் கொஞ்சம் உருமாறித்தான் வந்திருக்கின்றன.

பல வருடங்களுக்கு முன் ஒரு வேலை கைகூடாமல் போனதை விளக்கி மின்னஞ்சல் எழுதினேன். "தி பிளான் வாஸ் நாட் வொர்க்ட் அவுட்" என்பது அதில் ஒரு வரி. திட்டம் பலிக்கவில்லை என்பதுதான் நான் சொல்ல வந்தது. படித்தவர் புரிந்துகொண்டதோ, நாங்கள் திட்டமே சரியாகப் போடவில்லை என்று. பல நாள் உழைத்துப் போட்ட திட்டம் அது. அந்த ஒரு வரியை விளக்க இன்னும் நான்கு மின்னஞ்சல்கள் எழுத வேண்டியிருந்தது. அன்றிலிருந்து இந்தச் சொல் எங்கே வந்தாலும் நின்று கவனிக்கிறேன். அப்படிக் கவனித்ததில் கிடைத்த வழிமுறையை இங்கே எழுதுகிறேன்.

முதலில் அடிப்படை: "தீர்" என்று நினைத்துக்கொள்ளுங்கள்

"வொர்க்" என்றால் வேலை, "அவுட்" என்றால் வெளியே என்று பிரித்துப் பொருள் பார்த்தால் எங்கும் போய்ச் சேர மாட்டோம். இங்கே "அவுட்" இடத்தைக் குறிக்கவில்லை. ஒரு செயல் முடிவுவரை போய்விட்டது, உள்ளே இருந்தது வெளிப்பட்டுவிட்டது என்பதைக் குறிக்கிறது. "வேர் அவுட்" என்றால் தேய்ந்தே போவது. "செல் அவுட்" என்றால் ஒன்றுகூட மிச்சமில்லாமல் விற்றுத் தீர்வது. "பர்ன் அவுட்" என்றால் எரிந்து முடிவது. எல்லாவற்றிலும் அந்த "முடிவுவரை" இருக்கிறது.

தமிழில் இதற்கு மிக நெருங்கிய சொல் "தீர்". கணக்கைத் தீர்க்கிறோம், புதிரைத் தீர்க்கிறோம், சண்டையைப் பேசித் தீர்க்கிறோம். சுரங்கத்தில் தாது தீர்ந்துபோகிறது. "வொர்க் அவுட்" இத்தனை இடத்திலும் வரும். அதோடு "தீர்த்தோம்" என்றால் நாம் செய்தது, "தீர்ந்தது" என்றால் தானாக நடந்தது என்ற வேறுபாடும் இந்த ஆங்கில வினைக்குள் இருக்கிறது. என்ன, தமிழில் சொல்லின் வடிவமே மாறிக் காட்டிக்கொடுக்கும். ஆங்கிலத்தில் வடிவம் மாறாது, வாக்கிய அமைப்பைப் பார்த்துத்தான் கண்டுகொள்ள வேண்டும்.

இந்தப் பொருள் இன்று நேற்று வந்ததில்லை. 1611-இல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் விவிலியத்தில், பிலிப்பியர் நிருபத்தின் 2:12-இல், "வொர்க் அவுட் யுவர் ஓன் சால்வேஷன்" என்று வருகிறது. தமிழ் விவிலியத்தில் அதே இடம் "உங்கள் இரட்சிப்பு நிறைவேறப் பிரயாசப்படுங்கள்" என்று இருக்கிறது. "பிரயாசப்படுங்கள்" என்பதில் "வொர்க்" இருக்கிறது, "நிறைவேற" என்பதில் "அவுட்" இருக்கிறது. இந்த வினைக்கு இதைவிட நல்ல விளக்கத்தை நான் எந்த அகராதியிலும் பார்த்ததில்லை.

படி 1: இது அந்த வினைதானா என்று பாருங்கள்

இது சின்ன வேலைதான், ஆனால் முதலில் செய்துவிட வேண்டும். "ஹி வொர்க்ஸ் அவுட் இன் தி ஃபீல்ட்ஸ்" என்றால் அவர் வெளியே, வயல்வெளியில் வேலை செய்கிறார். அங்கே "அவுட்" உண்மையாகவே "வெளியே"தான். அப்புறம் "ஷி வொர்க்ஸ் அவுட் ஆஃப் தி ஹெட் ஆஃபிஸ்" என்று "ஆஃப்" சேர்ந்து வந்தால், தலைமை அலுவலகத்தை இருப்பிடமாக வைத்துக்கொண்டு வேலை பார்க்கிறார் என்று பொருள். அங்கே உடற்பயிற்சியும் இல்லை, கணக்கும் இல்லை. இந்த இரண்டையும் ஒதுக்கிவிட்டால் மிச்சமிருப்பதெல்லாம் நாம் தேடும் வினை.

படி 2: "எதை?" என்று கேளுங்கள்

வாக்கியத்தில் செயப்படுபொருள் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் இந்த வழிமுறையின் முதுகெலும்பு. "எதை வொர்க் அவுட் செய்தார்?" என்று கேட்டால் வாக்கியத்துக்குள்ளேயே பதில் கிடைக்க வேண்டும். கிடைத்தால் அது "தீர்த்தார்" வகை. படி 3-க்குப் போங்கள். கிடைக்காவிட்டால் "தீர்ந்தது" வகை. படி 4-க்குப் போங்கள். உடற்பயிற்சி என்ற பொருளும் அந்தப் பக்கம்தான் இருக்கிறது.

"ஷி வாஸ் வொர்க்கிங் அவுட் வென் ஐ கால்ட்" என்றால், நான் அழைத்தபோது அவர் உடற்பயிற்சி செய்துகொண்டிருந்தார். "ஷி வாஸ் வொர்க்கிங் அவுட் தி ரூட் வென் ஐ கால்ட்" என்றால், எந்த வழியில் போவது என்று யோசித்துக்கொண்டிருந்தார். இடையில் "தி ரூட்" வந்ததும் பொருளே மாறிவிட்டது.

படி 3: செயப்படுபொருள் இருந்தால், அது என்ன வகை?

எண்ணாக இருந்தால் கணக்குப் போட்டுக் கண்டுபிடிப்பது. "வொர்க் அவுட் தி டோட்டல்" என்றால் கூட்டித் தொகை பார்ப்பது. "வி நீட் டு வொர்க் அவுட் ஹவ் மச் பெயின்ட் டு பை" என்றால் எவ்வளவு பெயின்ட் வாங்க வேண்டும் என்று கணக்கிட வேண்டும். "கால்குலேட்" என்ற சொல்லும் இதற்கு உண்டு. ஆனால் அது அறிக்கைக்கும் பாடப்புத்தகத்துக்கும் உரிய சொல். பேச்சில் "வொர்க் அவுட்"தான் இயல்பு. கணக்குத் தேர்வில் விடைக்கு மேலே எழுதும் படிகளைப் பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் "வொர்க்கிங்" என்றும், அமெரிக்க ஆங்கிலத்தில் வெறும் "வொர்க்" என்றும் சொல்வார்கள். வினாத்தாளில் "ஷோ யுவர் வொர்க்கிங்" என்று இருந்தால், விடையை மட்டும் எழுதாமல் வழியையும் காட்டு என்று பொருள்.

காரணமோ புதிரோ புரியாத விஷயமோ செயப்படுபொருளாக இருந்தால், யோசித்துக் கண்டுபிடிப்பது. "ஐ கான்ட் வொர்க் அவுட் வை தி ஸ்க்ரீன் இஸ் பிளாங்க்": திரை ஏன் வெறுமையாக இருக்கிறது என்று எனக்குப் பிடிபடவில்லை. இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் "ஃபைண்ட் அவுட்" என்ற இன்னொரு வினை இதோடு குழம்பிவிடும். இரண்டையுமே நாம் "கண்டுபிடி" என்று மொழிபெயர்க்கிறோம். ஆங்கிலத்தில் அவை வேறு வேறு. தகவல் வெளியே எங்கோ இருக்கிறது, கேட்டோ படித்தோ தெரிந்துகொள்கிறோம் என்றால் "ஃபைண்ட் அவுட்". தேவையான தகவல் கையில் இருக்கிறது, அதை வைத்து நம் மூளைதான் விடைக்குப் போய்ச் சேர வேண்டும் என்றால் "வொர்க் அவுட்". ரயில் எத்தனை மணிக்குப் புறப்படும் என்பதை "ஃபைண்ட் அவுட்" செய்கிறோம். அட்டவணை பார்த்தால் போதும். பத்து மணிக் கூட்டத்துக்குப் போய்ச் சேர எந்த ரயிலைப் பிடிக்க வேண்டும் என்பதை "வொர்க் அவுட்" செய்கிறோம். அட்டவணையைப் பார்த்தபிறகு யோசிக்கவும் வேண்டும். இந்த வேறுபாடு ஒன்றைப் பிடித்துக்கொண்டாலே உங்கள் ஆங்கிலம் ஒரு படி மேலே போய்விடும் என்று உறுதியாகச் சொல்வேன்.

இதே பொருளில் அமெரிக்கர்கள் "ஃபிகர் அவுட்" என்று அதிகம் சொல்வார்கள். பிரிட்டிஷ்காரர்கள் "வொர்க் அவுட்" பக்கம் சாய்வார்கள். இரண்டும் இரு நாட்டிலும் புரியும். எதைச் சொன்னாலும் தவறில்லை.

திட்டம், ஒப்பந்தம், ஏற்பாடு போன்றவை வந்தால், விவரங்களைப் பேசி, யோசித்து உருவாக்குவது. "தே வொர்க்ட் அவுட் எ டீல்" என்றால் பேசி ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். "வி ஸ்டில் ஹேவ் டு வொர்க் அவுட் தி டீடெயில்ஸ்" என்பது அலுவலகத்தில் அடிக்கடி காதில் விழும்: பொதுவாக ஒத்துக்கொண்டாகிவிட்டது, நுணுக்கங்கள்தான் பாக்கி. "மேக் எ பிளான்" என்றால் திட்டம் போடுவது. "வொர்க் அவுட் எ பிளான்" என்றால் உட்கார்ந்து ஒவ்வொரு அம்சமாக ஆராய்ந்து போடுவது. அந்த உழைப்பின் கனம் இந்த வினைக்குள் இருக்கிறது.

கருத்து வேறுபாடு, மனத்தாங்கல் என்றால் பேசித் தீர்ப்பது. "வொர்க் இட் அவுட் பிட்வீன் யுவர்செல்வ்ஸ்" என்பதை நாம் அப்படியே "உங்களுக்குள்ளேயே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்வோம்.

ஆள் செயப்படுபொருளானால், அவரைப் புரிந்துகொள்வது. பெரும்பாலும் எதிர்மறையில்தான் வரும்: "ஐ கான்ட் வொர்க் ஹெர் அவுட்." அவர் எப்படிப்பட்டவர், ஏன் இப்படி நடந்துகொள்கிறார் என்று பிடிபடவில்லை. இதுவும் பிரிட்டிஷ் வழக்கு.

அரிதாக வரும் இரண்டு பொருள்களையும் தெரிந்து வைத்துக்கொள்ளலாம். "வொர்க் அவுட் யுவர் நோட்டீஸ்" என்றால், வேலையை விடுவதாகச் சொன்னபிறகு நோட்டீஸ் பீரியட் முடியும்வரை வேலை செய்வது. "எ வொர்க்ட்-அவுட் மைன்" என்றால் எடுப்பதற்கு இனி ஒன்றுமில்லாத சுரங்கம்.

படி 4: செயப்படுபொருள் இல்லாவிட்டால், எழுவாயைப் பாருங்கள்

எழுவாய் ஆளாக இருந்தால் பெரும்பாலும் உடற்பயிற்சி. "ஐ வொர்க் அவுட் த்ரீ டைம்ஸ் எ வீக்." நாம் "வொர்க் அவுட் பண்றேன்" என்று சொல்லிப் பழகியதால் ஆங்கிலத்திலும் "ஐ டூ வொர்க் அவுட்" என்று "டூ"வைச் சேர்த்துவிடுகிறோம். தேவையில்லை, இது தானே ஒரு வினை. பெயர்ச்சொல்லாக்கிச் சொல்ல ஆசைப்பட்டால் "ஐ டிட் எ வொர்க்அவுட்" என்று முன்னால் "எ" போட்டுச் சொல்லலாம்.

ஆள் எழுவாயாக இருந்தும் உடற்பயிற்சி அல்லாத இடம் ஒன்று உண்டு. "தி நியூ மேனேஜர் டிட்ன்ட் வொர்க் அவுட்" என்று படித்தால், புது மேலாளர் உடற்பயிற்சி செய்யவில்லை என்று நினைத்துவிடக் கூடாது. அந்த வேலைக்கு அவர் ஒத்துவரவில்லை என்பதுதான் அங்கே பொருள். முன்பின் வாக்கியங்களில் வேலை, பொறுப்பு, பதவி பற்றிய பேச்சு இருந்தால் இந்தப் பொருளை எடுத்துக்கொள்ளுங்கள்.

எழுவாய் நிலைமையாக, நிகழ்வாக, உறவாக இருந்தால், போகப்போக எப்படி முடிந்தது என்று பொருள். "எவ்ரிதிங் வொர்க்ட் அவுட் ஃபைன்": கடைசியில் எல்லாம் நல்லபடியாக முடிந்தது. "திங்ஸ் டிட்ன்ட் வொர்க் அவுட் பிட்வீன் தெம்": இருவருக்கும் சரிப்பட்டு வரவில்லை. பிரிந்தவர்களைப் பற்றி யாரையும் குறை சொல்லாமல் பேச ஆங்கிலத்தில் இருக்கும் மென்மையான வழி இது. "மேபி இட் வொர்க்ட் அவுட் ஃபார் தி பெஸ்ட்" என்பது நம் "எல்லாம் நன்மைக்கே". "டோன்ட் வொரி, இட் வில் வொர்க் இட்செல்ஃப் அவுட்" என்றால் கவலைப்படாதே, தானே சரியாகிவிடும். புது வேலையில் சேர்ந்த நண்பரிடம் "ஹவ் இஸ் தி நியூ ஜாப் வொர்க்கிங் அவுட்?" என்று கேட்கலாம். வேலை எப்படி என்று மட்டும் கேட்காமல், சேர்ந்தபின் எப்படிப் போகிறது, உனக்குப் பிடித்திருக்கிறதா என்று அக்கறையோடு விசாரிப்பதாக இருக்கும்.

எழுவாய் அளவாகவோ செலவாகவோ இருந்தால், கணக்குப் பார்த்தால் இவ்வளவு வருகிறது என்று பொருள். ஒரு வண்டி 36 லிட்டரில் 540 கிலோமீட்டர் ஓடினால், "இட் வொர்க்ஸ் அவுட் அட் 15 கிலோமீட்டர்ஸ் எ லிட்டர்." நாமும் "லிட்டருக்குப் பதினைந்து வருது" என்று "வா" என்ற வினையை வைத்துத்தான் சொல்கிறோம். எண்ணுக்கு முன்னால் பிரிட்டிஷ் வழக்கில் "அட்" வரும். அமெரிக்க வழக்கில் "டு". எண்ணே இல்லாமலும் சொல்லலாம்: "தி இயர்லி பிளான் வொர்க்ஸ் அவுட் சீப்பர்." முதலில் பெரிய தொகையாகத் தெரிந்தாலும் கணக்குப் பார்த்தால் ஆண்டுச் சந்தாதான் மலிவு என்கிறது இந்த வாக்கியம்.

படி 5: "வொர்க்" போதுமா, "அவுட்" வேண்டுமா?

நாம் அதிகம் தடுக்கி விழும் இடம் இது. தமிழில் "மருந்து வொர்க் அவுட் ஆகல", "ஜோக் வொர்க் அவுட் ஆகல", "ஃபேன் வொர்க் ஆகல" என்று கலந்து கலந்து சொல்கிறோம். ஆங்கிலத்தில் மருந்து, சாவி, இயந்திரம், தந்திரம், நகைச்சுவை எல்லாவற்றுக்கும் "வொர்க்" மட்டும்தான். "தி மெடிசின் டிட்ன்ட் வொர்க்." "தி டிரிக் வொர்க்ட்." வேலை செய்ததா, பலன் தந்ததா என்ற கேள்விக்கு "அவுட்" தேவையில்லை.

"அவுட்" சேர்க்க வேண்டுமானால் அங்கே காலம் ஓடியிருக்க வேண்டும். பல விஷயங்கள் சேர்ந்து, போகப்போக ஒரு முடிவுக்கு வந்திருக்க வேண்டும். வீடு மாறியது, புது வேலை, கூட்டுத் தொழில், திருமணம், பயண ஏற்பாடு, இவையெல்லாம் "வொர்க் அவுட்" ஆகும் அல்லது ஆகாமல் போகும். பொத்தானை அழுத்தியதும் தெரிந்துவிடும் விஷயம் என்றால் "வொர்க்"; பொறுத்திருந்து பார்க்க வேண்டிய விஷயம் என்றால் "வொர்க் அவுட்". முழு இலக்கணமும் இதற்குள் அடங்கிவிடாதுதான், ஆனாலும் பேசும் வேகத்தில் முடிவெடுக்க இந்த ஒரு சோதனை எனக்குக் கைகொடுத்திருக்கிறது.

சரி, இப்போது என் பழைய மின்னஞ்சலுக்கு வருவோம். "தி பிளான் டிட்ன்ட் வொர்க் அவுட்" என்றால் திட்டம் பலிக்கவில்லை. "தி பிளான் வாஸ் நாட் வொர்க்ட் அவுட்" என்றால் திட்டம் வகுக்கப்படவில்லை. முன்னது "தீர்ந்தது" வகை, பின்னது "தீர்த்தோம்" வகையின் செயப்பாட்டுவினை. "ஆகவில்லை" என்று தமிழில் நினைத்து, அந்த "ஆகு"வுக்கு ஈடாக "வாஸ்" என்று ஆங்கிலத்தில் எழுதியதால் வந்த வினை அது. பலிக்கவில்லை என்று சொல்ல நினைத்தால் "வாஸ்", "காட்" எதுவும் வேண்டாம். "டிட்ன்ட் வொர்க் அவுட்" போதும்.

படி 6: சொற்களை எங்கே வைப்பது?

செயப்படுபொருள் பெயர்ச்சொல்லாக இருந்தால் இரண்டு இடமும் சரி. "வொர்க் அவுட் தி ஆன்சர்" என்றும் சொல்லலாம், "வொர்க் தி ஆன்சர் அவுட்" என்றும் சொல்லலாம். "இட்", "தெம்", "ஹிம்", "ஹெர்" போன்ற பிரதிப்பெயராக இருந்தால் நடுவில்தான் வர வேண்டும்: "வொர்க் இட் அவுட்". "வொர்க் அவுட் இட்" என்பது தவறு. இதில் விதிவிலக்கே இல்லை. செயப்படுபொருள் நீளமாகப் போனால் கடைசியில் வைப்பது நல்லது. நடுவில் ஏழெட்டுச் சொற்களை நுழைத்துவிட்டு "அவுட்" என்று முடித்தால், கேட்பவர் அதற்குள் "வொர்க்"கை மறந்திருப்பார்.

"வை", "ஹவ்", "வேர்", "வாட்" என்று தொடங்கும் பகுதி வந்தால் அது எப்போதும் "அவுட்"டுக்குப் பின்னால்தான். அங்கே கேள்வி வரிசையும் வரக் கூடாது. "ஐ கான்ட் வொர்க் அவுட் வை ஷி லெஃப்ட்" என்பது சரி. "வை டிட் ஷி லீவ்" என்று நேர்க்கேள்வியை அப்படியே ஒட்டக் கூடாது. நன்றாக ஆங்கிலம் எழுதுபவர்களிடம்கூட இந்தப் பிழையைப் பார்த்திருக்கிறேன்.

படி 7: ஒலியும் எழுத்தும்

வினையாக வரும்போது இரண்டு சொல்லாக இடைவெளி விட்டு எழுத வேண்டும். வாக்கியத்தைச் சொல்லும்போது பொதுவாக அழுத்தம் "அவுட்" மேல் விழும். உடற்பயிற்சி என்ற பெயர்ச்சொல்லாக வரும்போது ஒரே சொல்லாகச் சேர்த்து எழுத வேண்டும். அழுத்தம் "வொர்க்" மேல் போய்விடும். "ஐ நீட் டு வொர்க் அவுட்" என்பதையும் "ஐ நீட் எ வொர்க்அவுட்" என்பதையும் மாறி மாறிச் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். நாக்கே வேறுபாட்டைக் கற்றுக்கொள்ளும். இறந்தகாலத்தில் "வொர்க்கட் அவுட்" என்று கூடுதல் அசை போடாதீர்கள். "வொர்க்ட்" ஓரசைதான். வேகமாகச் சொல்லும்போது அதன் கடைசி ஒலி அடுத்த சொல்லோடு ஒட்டி "வொர்க்டவுட்" என்றே கேட்கும்.

படி 8: பழகுவது எப்படி?

பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டாம். ஒரு வாரத்துக்கு, தமிழில் "தீர்", "கணக்குப் பார்", "பிடிபடவில்லை", "சரிப்பட்டு வரவில்லை" என்று நீங்கள் சொல்லும் ஒவ்வொரு முறையும், அதையே "வொர்க் அவுட்" வைத்து மனத்துக்குள் சொல்லிப் பாருங்கள். அப்போதுதான் ஆங்கிலம் படிக்கையில் தட்டுப்படும் பொருள், பேசுகையில் நாக்குக்கும் வரும்.

இப்போது மூன்று வாக்கியங்களைப் பார்ப்போம். பதிலைப் படிக்குமுன் படி 2-இன் கேள்வியை நீங்களே கேட்டுப் பாருங்கள்.

"ஐ ஹேவ் வொர்க்ட் அவுட் தட் ஹி மஸ்ட் ஹேவ் லெஃப்ட் பிஃபோர் சிக்ஸ்." எதை என்றால், "அவர் ஆறு மணிக்கு முன்பே கிளம்பியிருக்க வேண்டும்" என்பதை. யாரும் சொல்லித் தெரிந்ததில்லை. கிடைத்த தடயங்களை வைத்து யோசித்து வந்த முடிவு. "ஃபவுண்ட் அவுட்" என்று மாற்றினால், யாரோ சொன்னதாக அல்லது எங்கோ பார்த்ததாக ஆகிவிடும்.

"டேக்கிங் தி பஸ் வொர்க்ஸ் அவுட் ஃபாஸ்டர்." செயப்படுபொருள் இல்லை, எழுவாய் ஒரு வழிமுறை. நேரக் கணக்குப் பார்த்தால் பேருந்தே விரைவு.

"வி வொர்க்ட் இட் அவுட்." இதை மட்டும் தனியாகக் கொடுத்தால் யாராலும் பொருள் சொல்ல முடியாது. கணக்கைப் போட்டார்களா, புதிரை அவிழ்த்தார்களா, சண்டையைப் பேசித் தீர்த்தார்களா, ஒப்பந்தத்தை முடித்தார்களா? "இட்" எதைச் சுட்டுகிறது என்பது முந்தைய வாக்கியத்தில் இருக்கும். அங்கே போய்ப் பார்த்துவிட்டு, படி 3-இல் அதற்கு ஏற்ற பொருளை எடுத்துக்கொள்ளுங்கள்.